தனிக்கு எத்தனை நிமிஷம்?

— ஆடாதே சிபி, தொப்பியக் கழட்டறேன். வயரெல்லாம் முடியில சிக்குது. இப்பச் சொல்லு, தனி ஆவர்த்தனத்தக் கற்பனையா எவ்வளவு நேரம் வாசிச்சே?

— எட்டு நிமிஷம் இருக்கும்.

— முப்பத்தெட்டு!

— போப்பா, சும்மா அளக்காத.

— ஷோனோ, கேளு சிபி, நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது. அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு தோணினதும் பட்டனை அழுத்துன்னேனே?

— ரெண்டு கையும் மிருதங்கத்துல இருக்கு சாய்பிரியா. மூக்காலயா அழுத்துறது?

— ஐயோ, ஆமால்ல! பாடறவங்களுக்குன்னு போட்ட சோதனை இது. கைய மறந்தே போனேன்.

— மூளைய ஆராயற புள்ள!

— சிரிக்காதே. இங்க பாரு. மனப்பாடமா வாசிச்சப்ப நெத்திக்குப் பின்னாடி இந்த இடம் முழிச்சிருக்கு. நிமிஷமும் சரியாச் சொன்னே. சொந்தமா வாசிக்க ஆரம்பிச்சதும் அடங்கிடுச்சு. சரியா தப்பான்னு உன்னையே கண்காணிக்கிற இடம் அது.

— வாத்தியார் லீவு போட்ட வகுப்பு மாதிரி.

— அதேதான். ஆனா தாளம் ஒரு எடத்துலயும் பிசகல.

— தாளத்த நானா எண்ணறேன்? அது பாட்டுக்குப் போகும். நிமிஷந்தான் நமக்கு வராது. போன ஞாயித்துக்கிழமை ஹவுரா படகுத்துறையில உங்கப்பாவ ரெண்டு மணி நேரம் நிக்க வச்சது நான் இல்லப்பா, என் நெத்தி.

— அதச் சொல்லி அவர்கிட்டத் தப்பிக்க முடியாது. முப்பது வருஷமா துறைமுக ஆபீசுக்கு ஒருநாள்கூட லேட்டாப் போகாதவர். "நேரம் தெரியாதவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்"னுட்டார்.

— அவர் சொல்றதும் நியாயந்தானே. எனக்கே பயமா இருக்கு சாய். நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?

— அதான் அவரை இன்னிக்கு வரச் சொன்னேன். நீ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டார். பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தார்.

— அடிப்பாவி! மறுபடியும் காக்க வச்சுட்டேனா?

— அப்பா, உள்ள வாங்க.

— வணக்கம் சார். மன்னிச்சிருங்க, ரொம்ப நேரமா உங்கள...

— ரொம்ப நேரம் என்ன தம்பி, இப்பத்தானே வந்தேன். மாட்டேன்னு ஒரு வார்த்தை நேர்ல சொல்லிட்டு, மூணு மணி மீட்டிங்குக்குப் போகணும்.

— அப்பா, மணி மூணரை.