நாலாவது விரல்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் எக்ஸ்ரே கவர். இந்த வெயிலில் இவளுக்கு எதற்கு சாக்ஸும் ஷூவும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“உன் வெரலு குட்டையே இல்லடி,” என்றாள் அக்கா. “அதுக்குப் பின்னாடி பாதத்துல கீற எலும்புதான் வளராம நின்னுட்டுது. பொறவியிலேயே அப்டியாம். டாக்டர் படத்துல காட்டுனாரே.”

“எலும்ப வெட்டி, கம்பி மாட்டி, தெனம் ஸ்க்ரூவத் திருவி நீட்டணுமாம். மாசக்கணக்குல. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்க்கா.”

“அப்ப அம்மி மேல உன் கால வச்சி மாப்ள மெட்டி போடுவாரா, ஸ்க்ரூ திருவுவாரா?”

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

“வலி இல்லன்னா அப்டியே உட்டுடு, அகலமான செருப்பா போடுன்னுதானே சொன்னாரு. மாப்ளகிட்ட சொல்லிட்டியா?”

“இப்பத்தான் எக்ஸ்ரேவ அனுப்பிகீறேன். மெட்டி போடறப்ப ஊரே பாக்கும், இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்கன்னு.”

இருவரும் போனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வேலப்பன்சாவடி தாண்டியதும் போன் சிணுங்கியது.

“இன்னாடி போட்டுகீறாரு?”

தங்கை மெல்லப் படித்தாள். “‘குட்டையா கீறது நாலாவது வெரலு. மெட்டி போடறது ரெண்டாவதுல. அதுக்கு நூல்ல அளவெடுத்து அனுப்பு.’”

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இத்தினி வருசத்துல நமக்கு இது தோணவேயில்லியேடி.”

பூந்தமல்லியில் தங்கை ஷூவைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு இறங்கி, செருப்புக்கடை எந்தப் பக்கம் என்று டிரைவரைக் கேட்டாள்.