எபா சொல்லும் ஆள்

இந்தத் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போச்சு, சப்ரி சேர். குறை சொல்லவில்லை. வாங்கித் தந்ததற்கு நன்றி. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். வாக்குமூலத்தை நீங்கள் சிங்களத்தில்தான் எழுதுவீர்கள், பரவாயில்லை, எழுதி முடித்ததும் தாருங்கள், நான் ஒருதரம் பார்த்துத் தருகிறேன். ஸ்டேஷன் வாசலில் ஒட்டியிருக்கிற தமிழ் அறிவித்தலில் ஆறு வரிக்குள் ஒன்பது பிழை.

பெயர் ரூபிகா. தில்லைநாதனின் மகள். அப்பா பேலியகொடையில் மீன் பெட்டி தூக்குகிறவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். பட்டம் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள், ஒழுங்கைக்கு வருகிற கடிதமெல்லாம் கிடைக்கும். தண்ணி பில், கிளினிக் துண்டு, பள்ளிக்கூட ஃபோம், எல்லாம் என்னிடம்தான் வரும். சிங்களமும் இங்கிலிசும் வாசிக்கிற பிள்ளை. ஐந்து வருடமாகச் சம்பளமில்லாமல் வாசித்துக் கொடுத்திருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை வெள்ளவத்தையில், ஒரு கணக்காய்வுக் கந்தோரில். அப்பா வேலை முடித்து வருகிற நேரம்தான் நான் வெளிக்கிடுகிற நேரம். எங்கள் வீட்டில் ஒரே அறை, அப்பாவின் சட்டைக்கும் என் சட்டைக்கும் ஒரே கொடி. ஒருநாள் பக்கத்து மேசை லவினா ஏசியை நிப்பாட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு, "பஸ்ஸில வந்தா இப்பிடித்தான் மணக்கும், என்ன" என்றாள். பஸ்ஸைச் சொன்னாளாம். நல்ல வளர்ப்பு.

அந்தக் கிழமைதான் காரைப் பார்த்தேன். காலி வீதியில் ஷிஹான் என்பவரின் பழைய கார் விற்கிற இடம். இரண்டு கதவு, சிவப்பு, ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிட நாலு வயது மூப்பு. சுவிட்சைப் போட்டால் முன் லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். எழும்பியது ஒன்றுதான். "மெடத்துக்குக் கண்ணடிக்குது" என்றார் ஷிஹான். எனக்கு முன்பும் ஆட்கள் கண்ணடித்திருக்கிறார்கள், ஒருவனும் அவ்வளவு வடிவில்லை.

கையில் காசில்லை. பெரிய லீசிங் கொம்பனிகள் காரின் வயதைக் கேட்டதும் சிரித்தார்கள், என் கிரிப் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிப்பாட்டினார்கள். யார் எங்கே கடன் வாங்கி எப்படிக் கட்டினார்கள் என்று வங்கிகளுக்குச் சொல்கிற கடுதாசி அது. என்னுடையது ஃபெயில் இல்லை, எஸ் பாஸ், மட்டுமட்டான பாஸ். கம்பஸில் வாங்கிய லெப்டொப்புக்கு மூன்று மாதம் பிந்திக் கட்டியது, அவ்வளவுதான். கடைசியில் ஃபார்மசி ஒன்றின் மேல்மாடியில் இருந்த சின்னக் கொம்பனி சம்மதித்தது. வட்டி கூட. அரசாங்க வேலையில் இருக்கிற ஒருவர் எபகருவாகக் கையெழுத்து வைக்க வேண்டும். எபகரு என்றால் பிணை நிற்கிறவர். உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஒழுங்கையில் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறது நேசமலர் அக்கா மட்டும்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சிற்றூழியர். மணி அடிப்பா, கதவு பூட்டுவா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஏழு வருடம், இன்னமும் சந்தைச் சிங்களம்தான். கீயத என்றால் என்ன விலை. எபா என்றால் வேண்டாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கொழும்பு முழுக்கச் சுற்றுவா. வாழ்நாளில் கடன் வாங்காதவ. அவவின் கிரிப் ரிப்போர்ட் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது.

மேல்மாடியில் மெனேஜர் அவவைப் பார்த்து, "மே நோனா எபகரு, நேத" என்றார். இந்த அம்மாதானே பிணை என்று. அக்கா என் காதுக்குள் கேட்டா, "என்ன பிள்ளை, எபா எண்டுறார். நான் வேண்டாமாமோ?"

சேர், இதைக் கவனமாக எழுதுங்கள். நான் அவவிடம் பொய்யோடு போகவில்லை. பிணை என்று சொல்லிக் கெஞ்சுகிற உத்தேசத்தில்தான் போனேன். பொய்யை எடுத்து நீட்டியது அவதான்.

"இல்லையக்கா," என்றேன். "எபகரு எண்டா எபா சொல்லுற ஆள். நாளைக்கு ஏதும் பிழையா நடந்தா நீங்க வேண்டாமெண்டு சொல்லலாம். அந்த உரிமை உங்களுக்குத்தான்."

அக்காவுக்குச் சந்தோஷம். அவவுக்கு அப்படி ஓர் உரிமையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஐந்து இடத்தில் வடிவாகக் கையெழுத்து வைத்தா. கார் கைக்கு வந்த அன்று பின்னேரம் அவவைக் காலிமுகத்திடல் வரைக்கும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காரில் அவவுக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாலாம் மாதம் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. தெமட்டகொடை கராஜில் எஞ்சினைக் கழற்றி வைத்தார்கள். தவணைக் காசு கராஜுக்குப் போனது, பிறகு கராஜுக்கும் போகவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாததால் திரும்பிப் போனார்கள். அதன்பிறகு கொம்பனி எபகருவுக்கு எழுதத் தொடங்கியது.

முதல் கடிதத்தை அக்கா என்னிடம் கொண்டுவந்தா. வேறு யாரிடம் கொண்டுபோவா. தவணை பிந்திவிட்டது என்று சிங்களத்தில் இருந்தது. கையெழுத்து வைத்ததற்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்றேன். இரண்டாவது சட்டத்தரணியின் கடிதம். வாக்காளர் இடாப்பில் பெயர் பதிகிற கடிதம் என்றேன். மூன்றாவது புதுக்கடை நீதிமன்ற அழைப்பாணை. அதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் வரத் தேவையில்லை என்று கீழே போட்டிருக்கிறது என்றேன். அவ ஒவ்வொரு முறையும் பேக்கரியில் ஒரு பனிஸ் வாங்கிக்கொண்டு வருவா, வாசிப்புக் கூலி என்று. ஒழுங்கையில் எனக்குக் கூலி தந்த ஒரே ஆள். அவ போகாதபடியால் வழக்கு அவவுக்கு எதிராகத் தீர்ந்தது.

அவ வீடு வாங்குகிற கதை எனக்குத் தெரியாது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். தெரியும். பதினொரு வருடம் சீட்டுக் கட்டிய காசைத் தொடர்மாடியில் இரண்டு அறை வீடொன்றுக்கு முற்பணமாகக் கொடுத்திருந்தா. மிச்சத்துக்கு வங்கிக் கடன். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். கிடைக்காது என்று தெரிந்துகொண்டுதான் நிரப்பினேன், ஆனால் ஒரு பிழை இல்லாமல் நிரப்பினேன். அவவின் கிரிப் ரிப்போர்ட்டைப் பார்த்து வங்கி மறுத்தது. வீட்டுக்கு மிச்சக் காசு கட்டவேண்டிய நாள் முடிந்தது. ஒப்பந்தப்படி முற்பணம் திரும்பி வராது. அதையும் நான்தான் அவவுக்கு வாசித்துக் காட்டினேன். அதை மட்டும் சரியாக வாசித்தேன்.

வங்கியில் ஒரு தமிழ்ப் பிள்ளை, "நீங்க ஒரு காருக்குப் பிணை நிண்டிருக்கிறீங்கள்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. தான் வைத்தது எபா சொல்கிற கையெழுத்துத்தானே, பிணைக்குத் தன் பெயரில் வேறு யாரோ கள்ளக் கையெழுத்து வைத்துவிட்டதாக நினைத்தா. பொலிஸுக்குப் போகவேண்டும், மொழிபெயர்க்க வா என்று என்னையே கூப்பிட்டா. மாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கண் முன்னால்தான். அவ தமிழில் அழுதழுது தன் வீடு போன கதையைச் சொன்னா. நான் உங்கள் இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில், இந்த அம்மா கடனைக் கட்டச் சம்மதம், கொஞ்சம் காலம் கேட்கிறா என்று சொன்னேன். அவர் எழுதினார். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, கதிரையை விட்டு எழும்பி நின்று, ஏழு வருடத்தில் பழகிய சிங்களத்தை முழுக்கத் திரட்டி, "மம எபகரு. மட எபா" என்றா. நான் பிணைகாரி, எனக்கு வேண்டாம். ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதது மூலை மேசையில் இருந்த நீங்கள் ஒருவர்தான். எழும்பி வந்து, என் காதோடு, "தங்கச்சி, அந்த அக்கா சொன்னது அது இல்லையே" என்றீர்கள். நீங்கள் தமிழ் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாக மொழிபெயர்த்திருப்பேன்.

ஆகவே, ஓம். கையெழுத்து வாங்கியது நான். கடிதங்களை மாற்றி வாசித்தது நான். வீட்டை இல்லாமலாக்கியதும் நான்தான், அப்படித்தான் எழுதவேண்டுமென்றால் எழுதுங்கள். ஆனால் லவினா ஜன்னலைத் திறந்ததையும் எழுதுங்கள்.

இரவைக்கு என்னை உள்ளே வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். பிணை தருவதானால் அரசாங்க வேலையில் இருக்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்றும் சொன்னீர்கள். அவவுக்கு நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா இன்னும் வெளியே வாங்கில்தான் இருக்கிறா, நான் உள்ளே தனக்காகக் கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. கையில் பனிஸ் பை இருக்கும்.

அவவைக் கூப்பிடுங்கள், சேர். எபகரு என்ற சொல் அவவுக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சத்தை நான் விளங்கப்படுத்துகிறேன்.