ஏழு கிலோ பை

உத்திரமேரூர் அரிசிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண், தராசில் ஒரு பயணப் பையைத் தூக்கி வைத்தாள். நாளைக்கு மலேசியா போகிறாளாம். விமானத்தில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோதான் விடுவார்களாம்.

“ரெண்டு கிலோ கூட வர்லியேம்மா. இன்னும் அஞ்சு கிலோ தாராளமா வெக்கலாம்,” என்றார் கடைக்காரர்.

“வேணாண்ணா. திரும்பி வரும்போதுதான் எடம் வேணும்.”

“அப்டி இன்னாம்மா வாங்கினு வரப் போற?”

“எங்க வூட்டுக்காரரு அங்க வேல செய்ற எடத்துல செத்துப் பூட்டாருண்ணா. அங்கியே எரிச்சிட்டாங்க. சாம்பல எடுத்துக்கினு வரணும். அது எத்தினி கிலோ இருக்கும்ணா?”

கடைக்காரர் பையைத் தராசிலிருந்து இறக்கப் போனார். மூடாத பையில் மேலாக ஒரு வேட்டி இருந்தது.

“இது எதுக்கும்மா?”

“போன வாட்டி அவரு கெளம்பும்போது இதே தராசுலதான் பைய வச்சோம். கொஞ்சம் ஜாஸ்தி காட்டிச்சி. வந்து கட்டிக்கிறேன்னு இந்த வேட்டிய எடுத்து என் கையில குட்த்துட்டுப் போனாரு. இதுல சுத்தித்தான் எடுத்துக்கினு வரணும்.”