ஓர் அங்குலமும் குறையாத எங்கள் உபகாரமேரி அம்மையாருக்கு

தட்டிய ஒலியிலே தரம் அறிந்து, விரல் முட்டியாலே விரிசல் கண்டு, விருத்தாசலத்துப் பீங்கானை வீடுதோறும் விளக்கெரிய அனுப்பிவைத்த அன்னையே! எங்கள் ஆலையின் பரிசோதனை மேசையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வீற்றிருந்து, 2008 ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் உபகாரமேரி அம்மையீர்! தங்கள் விரல் படாத பியூஸ் கட்டை ஒன்றுகூட இங்கிருந்து லாரி ஏறியதில்லை.

பாராட்டு மடலில் குற்றம் எழுதும் வழக்கமில்லை. ஆயினும் குற்றம் எங்களுடையது என்பதால் எழுதியே தீர வேண்டும்.

1978இல் மகன் சாவியோவைப் பெற்றெடுத்தபோது உதிரம் பெருகி, உயிர் ஊசலாடிப் பிழைத்தீர்கள். பிழைத்தும் பழைய தெம்பு திரும்பவில்லை. சித்திரை வெயிலில், சூளையருகே நாங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டு உழைக்க, தாங்கள் சால்வை போர்த்தி நடுங்கினீர்கள். மாலையில் ஜங்ஷன் மேம்பாலப் படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். நாங்கள் நிற்கவில்லை, ரயிலில் இடம் பிடிக்க ஓடினோம். மேரியம்மா வந்து சேர்வதற்குள் சூளையே ஆறிவிடும் என்று சிரித்தும் வைத்தோம். கட்டையில் ஒளிந்த விரிசலைத் தாங்கள் கேட்டீர்கள். தங்களுக்குள் ஒளிந்திருந்த விரிசலை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

2002இல் காயவைக்கும் களத்தில் மயங்கி விழுந்த தங்களைப் புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் பூர்ணிமா, இருபத்து நான்கு ஆண்டுகளாக எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "அந்தப் பிரசவத்துக்கப்புறம் பால் சுரந்துதாம்மா?" சொட்டுக்கூடச் சுரக்கவில்லை என்றீர்கள். அன்றைய உதிரப்போக்கில், மூளையின் அடியில் பட்டாணி அளவே இருந்து, தாய்ப்பால் முதல் வளர்ச்சி ஹார்மோன் வரை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி பட்டுப்போயிருந்தது! மாத்திரைகளால் குளிர் விட்டது. ஆனால் இதயச் சுவர் மெலிந்திருந்தது. இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருந்தது. வளர்ச்சி ஹார்மோன் குறைந்த பெரியவர்களுக்கு இதயமே முதலில் அடி வாங்கும் என்று அஞ்சிய டாக்டர், அந்த ஹார்மோனை நாள்தோறும் ஊசியாகச் செலுத்தும் ஆய்வொன்றில் 2003இல் தங்களைச் சேர்த்தார். நடுவில் விட்டால் இதயம் மறுபடி தளரும் என்றும் எச்சரித்தார்.

இனி வருவது, இம்மடலை எழுதும், மண் வார்க்கும் அச்சுகளைச் செய்யும் பிரிவுப் பக்கிரியாகிய நான் செய்த பிழை. வளர்ச்சி ஊசி என்று கேட்டதும், வளருகிறாரா பார்ப்போமே என்று தங்களை அச்சு அறைச் சுவரில் நிறுத்தினேன். நான்கடிக் கோடு அங்கே முன்பே உண்டு; அதற்கு மேலே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பதினோரு அங்குலம். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் பத்துதான்! ஊசி ஆளைக் குறைக்கிறதே என்று பதறி, நிறுத்தச் சொல்லி வற்புறுத்தினேன். என் பயம் தங்களையும் தொற்றியது. டாக்டருக்குச் சொல்லாமலே ஊசியை நிறுத்தினீர்கள். மூன்று மாதத்தில் மேம்பாலப் படியில் மறுபடி நின்றீர்கள். இம்முறை மூன்று இடத்தில் அல்ல, ஐந்து இடத்தில்.

நடந்ததைத் தாங்கள் புதுச்சேரிக்குப் போய்ச் சொன்னபோது டாக்டர் திடுக்கிட்டாராம். வளர்ந்து முடிந்தவரின் எலும்பை இந்த மருந்து நீட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. அதன் வேலையெல்லாம் தசையிலும் கொழுப்பிலும் இதயத்திலும்தான் என்றாராம். மறுநாள் தாங்கள் நேரே அச்சு அறைக்கு வந்து என் ஸ்கேல்கள் இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தீர்கள். ஈர மண் காய்ந்து வெந்து சுருங்கும். அதனால் அச்சைப் பெரிதாகச் செய்ய நாங்கள் வைத்திருக்கும் சுருக்க ஸ்கேலில் ஒவ்வோர் அங்குலமும் சற்று நீளம். இரண்டாம் முறை நான் தங்களை அளந்தது அதை வைத்து! உயிருள்ள மனுஷியைச் சூளைக்குப் போகும் மண்ணாக அளந்துவிட்டேன்! கோபித்திருக்கலாம் தாங்கள். "நான் குறையல பக்கிரி. உன் ஸ்கேலு நீளம்," என்றீர்கள், அவ்வளவுதான். அன்றே ஊசியைத் தொடர்ந்தீர்கள்.

அடுத்த நான்காண்டுகளில் கண்டதை என்ன சொல்லி வியப்போம்! கெட்ட கொழுப்பு இறங்கியது. மெலிந்த இதயச் சுவர் தேறியதை ஸ்கேன் படத்தில் டாக்டர் காட்டினாராம். இதனால் ஆயுள் எத்தனை கூடும் என்று எந்த ஆய்வும் இன்னும் அறுதியிடவில்லை என்றும் அவர் மறைக்காமல் சொன்னாராம். கடுகளவு மருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இத்தனை வேலை செய்யுமா! ஆயிரத்து இருநூறு டிகிரி வெப்பத்தைத் தினமும் பார்க்கும் எங்களுக்கே மலைப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை வழக்கம்போல ரயிலுக்குச் சேர்ந்து நடந்தோம். மேம்பாலப் படிகளை எங்கும் நிற்காமல் ஏறிவிட்டீர்கள். பாதியில் மூச்சிரைத்து நின்றது நாங்கள். வண்டி வரும் ஓசை கேட்டும் தாங்கள் இறங்கி ஓடவில்லை. உச்சிப்படியில் நின்று திரும்பிப் பார்த்து, "மெதுவாவே வாங்கப்பா, நான் நிக்கிறேன்," என்றீர்கள். தங்களுக்காக ஒரு நாளும் நிற்காத எங்களுக்காக நின்றீர்கள், தாயே!

அந்த இதயம் நெடுங்காலம் நலமாய்த் துடிக்கட்டும் என்று வேண்டி,

தங்களுக்குப் பின்னால் படியேறி வரும்
பீங்கான் ஆலைப் பணியாளர்கள்,
விருத்தாசலம்.