மூடிய வாய், திறந்த வாய், குவிந்த வாய்

வெந்நீர் கொடுத்தீர்கள், நன்றி மேடம். பச்சைத் தண்ணீரை நான் தொட்டுப் பதினான்கு வருடமாகிறது. தொண்டையை வைத்துப் பிழைப்பவள், அதைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். எதையும் மறைக்காமல் சொல்கிறேன். நடுவில் அவசரப்படுத்தாதீர்கள், அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் என் குரல் உங்களுக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் வருகிறதே, கடல் வற்றிப்போன உலகத்தில் கடலைக் குடித்த மிருகத்தைத் தேடிப் போகும் ஒற்றைக் கொம்புப் பையன். தமிழில் கொம்பன் என்று பெயர் வைத்தோம். அவனாகப் பேசுவது நான்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாற்பத்தாறு. சின்னப் பையன்களுக்கு எப்போதும் பெண்கள்தான் குரல் கொடுப்போம். எங்கள் தொண்டை உடையாது.

அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தேன் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. என் மகனிடமிருந்து எடுத்தேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஸ்டுடியோவுக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அவனுடைய மூக்கடைத்த பேச்சு, அழுகைக்கு முன்னால் வரும் ஒரு சின்ன விக்கல், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஐந்து வருடம் கழித்து ஒரு நாள் காலையில் சமையலறை வாசலில் யாரோ ஒரு ஆம்பளை நின்றுகொண்டு, "அம்மா, டவல் எங்க?" என்று கேட்டான். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். என் பையன் இனிமேல் என் தொண்டைக்குள்தான் இருக்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கார்ட்டூனில் வாய் மூன்றே மூன்று தினுசு. மூடிய வாய், திறந்த வாய், குவிந்த வாய். அதற்குப் பொருந்துகிற சொல்லைப் போட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு காட்சியில் கொம்பன் "போ" என்று கத்துவான். நான் ஏதோ ஞாபகத்தில் "அம்மா" என்று கத்திவிட்டேன். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாங்கறதுக்கு உதடு மூடித் திறக்கணும். இங்க மூடிக் குவியுது பாருங்க. கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" அதற்குப் பிறகு நான் தப்பு செய்ததே இல்லை. மகனும் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அவனுக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

கொம்பனுக்கு முக்கால்வாசி நேரம் அடி வாங்குவதுதான் வேலை. விலா முறிந்தால் ஒரு சத்தம், பல் தெறித்தால் ஒரு சத்தம். கழுத்தில் அடிபட்டால் சத்தம் வெளியே வராது, உள்ளே போகும். இப்படி நாற்பது வகை வைத்திருக்கிறேன். கத்தும்போது முகம் கோணும், எனக்கு வெட்கம். அதனால் டைரக்டர் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிக்குத் திரை போட்டுவிடுவேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் காதால் கேட்பதோடு சரி.

அந்தக் கார்ட்டூன் முதலில் படக்கதைப் புத்தகமாக வந்தது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மகன் ஒரு பாகம் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறான். போன மாதம் இருபத்தோராவது பாகத்தைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்தான்.

"அம்மா, மிருகத்தோட வயித்துக்குள்ள பத்து வருஷம்னா வெளிய ஒரு நாள். உள்ள யாரு காத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு பாப்போம். வளர்ந்த கொம்பனே இருக்கான்! ரெண்டு பேருக்கும் சண்டை. மூணாவது அடியில சின்னவன் காலி. பெரியவன் மட்டும் வெளிய வர்றான்."

"பெரியவனுக்கு யாருடா குரல்?"

"நான்தாம்மா. டெஸ்ட் குடுத்தேன், எடுத்துட்டாங்க."

வாயெல்லாம் பல். நானும் சிரித்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினேன். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரெக்கார்டிங். மற்ற நாட்களில் தனித்தனியாகத்தான் பேசுவோம். இந்தச் சண்டைக்கு மட்டும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பேசட்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். மகன் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டே, "அம்மா, அடுத்த மாசம் தனியா வீடு பாத்திருக்கேன். கோச்சுக்காத. வாராவாரம் வந்துருவேன்" என்றான். சரிடா என்றேன். அதற்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் எதையாவது பிடித்தால்தான் எனக்குச் சண்டைக் காட்சி வரும். மூலையில் சும்மா நின்ற மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை ஒத்திகையின்போதே திருகிக் கழற்றி வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. படம் ஓடியது. முதல் இரண்டு அடிக்கும் கொம்பனாகக் கத்தினேன். மூன்றாவது அடிக்குப் பெரியவன் வாளை ஓங்கினான். என் மகன் கண்ணைத் திரையில் வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே தலையை நிமிர்த்தி, தொண்டையை நன்றாக நீட்டி உறுமினான். கொம்பன் விழ வேண்டிய இடம் அது. நான் விழவில்லை.

கம்பி கழுத்தில் குறுக்கே விழுந்தது. சத்தம் உள்ளே போனது. ஸ்டூலோடு சரிந்தான். படத்தில் இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது. அவன் இரண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டான். சின்ன வயதில் முழங்கால் காயத்துக்கு மருந்து போட விடாமல் பொத்திக்கொள்வானே, அதே மாதிரி. கையை மெல்ல விலக்கிவிட்டு இன்னும் இரண்டு முறை அடித்தேன். ஏதோ நொறுங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கொம்பனின் கத்தல், ஒரு நூல் பிசகாமல் அவன் வாயசைவில் உட்கார்ந்தது. என் மூக்குக்கண்ணாடியில் ரத்தம் தெறித்திருந்தது, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கரில் டைரக்டர் குரல் வந்தது. "பிரமாதம்! தம்பி, அந்த மூச்சுத் திணறுறது நிஜம் மாதிரியே இருக்குப்பா. தொடையில தட்டி எஃபெக்ட் வேற குடுத்தீங்களா? ஒரே டேக், ஓகே. அம்மாவும் புள்ளையும் பின்னிட்டீங்க."

"நன்றி சார்" என்றேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு வாய் வெந்நீர் குடித்தேன். அப்புறம்தான் கண்ணாடிக்குப் போட்டிருந்த திரையை விலக்கினேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். கொல்வதாக இருந்தால் தலையில் அடித்திருப்பேனே. நான் தொட்டது தொண்டையை மட்டும். மற்றபடி அவனை நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் உங்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. வராவிட்டால் என்ன, அவனுக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்வேன். பேச முடியாதவன் தனி வீட்டில் எப்படி இருப்பான்? அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இங்கே வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கதவோரம் என்னை நிற்க வைத்தீர்களே, அப்போது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். கழுத்தில் குழாய் செருகிப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் உதடு ஒரு தடவை மூடியது, பிறகு குவிந்தது. மறுபடியும் அதே மாதிரி. நர்ஸ் ஏன் அவசரமாகக் கதவைச் சாத்தினாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவன் என்ன சொன்னான் என்று இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருப்பவளுக்கா தெரியாது? எட்டு வயதில் கூப்பிட்ட அதே குரலில், அங்கேயே அவனுக்காகச் சொல்லிக் காட்டினேனே. அம்மா என்றுதான் மேடம் சொன்னான். எழுதிக்கொள்ளுங்கள்.