உள்பக்கக் கைப்பிடி

நிம்மதியான தூக்கத்துக்கு விலையே கிடையாது என்பார்கள், ஐயா. உண்டு. ஒரு ஷட்டர், இறக்கினால் தானே விழுந்துகொள்ளும் ஒரு பூட்டு, வெல்டருக்கு அரை நாள் கூலி. கூலியிலும் நான் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தேன்.

நாங்கள் அப்பா காலத்திலிருந்தே பாத்திரக் கடைக்காரர்கள். ஒரு குடத்தை விரலால் சுண்டினால் போதும், எங்கே நசுங்கியது, எங்கே பற்றவைத்தது என்று சொல்லிவிடுவேன். அப்பா எனக்கு விட்டுப்போனது இந்தக் காதும் ஒரு பாடமும். "முதல் விலைக்கு வாயைத் திறக்காதே. சும்மா இரு. அவனே இறங்கி வருவான்." அந்தப் பாடம் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கார் என் சொந்தச் சம்பாத்தியம். முற்றத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் நிற்கும். ஸ்டியரிங்குக்கு ஒரு பூட்டு. ஓட்டாத நாட்களில் பேட்டரி ஒயரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன்.

"என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்ப இத்தனை பூட்டு போடலியே," என்றாள் என் மனைவி.

"உன்னை யாரு திருடப்போறா," என்றேன். சிரித்தாள். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை, ஐயா.

ஒருநாள் காலையில் காரில் பின்னால் வருவதைப் பார்க்கிற இடப்பக்கக் கண்ணாடியைக் காணோம். ஷெட் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி என்னிடம் ஒன்று, மாடியில் குடியிருக்கும் தம்பியிடம் ஒன்று. அவன் ஸ்கூட்டரும் அங்கேதான் நிற்கும். வெளியாள் திருடினால் பூட்டை மாற்றலாம். வீட்டாளே திருடினால் எதை மாற்றுவது? தம்பியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் முதல் விலையை நான் சொன்னதாக ஆகிவிடும்.

அப்போதுதான் வெல்டரைக் கூப்பிட்டேன். புதுப் பூட்டுக்குச் சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும்.

"உள்பக்கம் ஒரு கைப்பிடி வெச்சிடலாம் சார். யாராவது மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கத்தானேப்பா பூட்டு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கைப்பிடிக்கான காசைக் கழித்துக்கொண்டேன். புதுச் சாவியில் ஒன்றைத் தம்பிக்கும் கொடுத்தேன். பொறியில் தீனி இல்லாமல் எலி வருமா?

கடை விடுமுறை நாள், உச்சி வெயில். மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி ஸ்கூட்டரை முற்றத்தில் விட்டுவிட்டு, கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் போனான். ஷட்டர் இறங்கியது. இறக்கியவன் நான்.

"அண்ணா, நீயா? தானா விழுந்துடுச்சோன்னு பயந்துட்டேன். தெற."

நான் பேசவில்லை.

"வெளையாடாத அண்ணா. தகரம் கொதிக்குது." குரலில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "சரி, சொல்லிடறேன். ஸ்கூட்டர் பட்டு கண்ணாடி உடைஞ்சுபோச்சு. நீ கத்துவேன்னு கழட்டிட்டுப் போயி, அதே மாதிரி ஒண்ணு தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்திருக்கேன். சத்தமில்லாம மாட்டிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

நீங்கள் வியாபாரி இல்லை, இதை அப்படியே வாங்கிக்கொள்வீர்கள். எனக்கு இது முதல் விலை. முதல் விலைக்கு யாரும் சரக்கைக் கொடுப்பதில்லை.

கொஞ்ச நேரம் எதையோ திருகும் சத்தம் கேட்டது. பூட்டைக் கழற்றப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஷட்டரை அடிக்க ஆரம்பித்தான். அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பாத்திரக் கடைக்காரன் வீட்டில் தகரம் அடிபடுவது அவர்களுக்குப் பழகிப்போன சங்கீதம்.

அவன் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மாமா, அவரைப் பாத்தீங்களா? வண்டி நிக்குது, ஆளைக் காணோம். போனையும் இன்ஹேலரையும் வண்டிப் பெட்டியிலயே விட்டுட்டுப் போயிருக்கார்."

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு.

"கடைத்தெருவுக்கு நடந்து போனான்மா. குடு, வந்ததும் தரேன்."

"அங்க என்ன சத்தம்?"

"அண்டாவுக்கு ஒடுக்கு எடுக்கறாங்க."

நம்பிப் படியேறினாள். நல்ல பெண்.

நான் ஷட்டருக்குத் திரும்பினேன். தம்பி அதற்குள் வெகுவாக இறங்கி வந்திருந்தான்.

"ஆமாண்ணா... நான்தான் எடுத்தேன்... வித்துட்டேன்... நீ என்ன சொல்றியோ அதான்... தெற அண்ணா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விலைக்கே முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை சீக்கிரம் இறங்குகிறவன் இன்னும் இறங்குவான் என்பதும் அப்பா சொன்னதுதான். மாடியை அவன் பேருக்கு எழுதிவைத்ததும் அதே அப்பாதான். அதைப் பற்றியும் அவன் வாயால் ஏதாவது வரட்டும் என்று இருந்தேன்.

என் காதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? முதலில் அடித்தது முஷ்டி. அப்புறம் உள்ளங்கை. அப்புறம் விரல். விரலுக்கு அப்புறம் என்ன என்பது எனக்குத் தெரியும், தெரியாது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. ஷட்டருக்குக் கீழே அதைத் தள்ளிவிட ஒரு சந்துகூட இருந்தது. தள்ளியிருந்தால் பேரத்தில் நான் இறங்கியதாகிவிடும்.

வெயில் சாய்ந்தபின் திறந்தேன். காரை ஒட்டிப் படுத்திருந்தான். இடப்பக்கக் கண்ணாடி மாட்டியாகியிருந்தது. அந்த அரையிருட்டிலும் துளி கோணலில்லாமல் மாட்டியிருந்தான். ஒரு திருகு மட்டும் போடவில்லை. அது அவன் கைக்குள் இருந்தது.

அவனை நான் கொன்றேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் விலை சொல்லவில்லை, ஐயா. அவ்வளவுதான் நான் செய்தது.

கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். காரில் கீறல் இல்லை. கண்ணாடி இரண்டும் இருக்கின்றன. சாவி இரண்டும் இப்போது என்னிடமே. தம்பி அந்தக் கண்ணாடியைப் பாதிக் கடனுக்கு வாங்கியிருந்தானாம், அதையும் நான் தீர்த்துவிட்டேன். ஆக, என் ஷெட்டிலிருந்து போனது ஒன்றுமில்லை. பாக்கி அந்த ஒரு திருகு. அது நீங்கள் சீல் வைத்த உறைக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.