கொடையாளர் நாளுக்கு மட்டும்

எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது, இன்ஸ்பெக்டர். அவற்றைக் கெடுப்பது மனிதர்களின் ஈரக் கோட்டுகள்தான். மழையில் நனைந்து உள்ளே வருவார்கள், கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்க்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், கோட்டிலிருந்து ஆவி எழும். நம் லங்காஷயரில் மழை இல்லாத வாரம் எது, சொல்லுங்கள்.

கால்டர்பி நகர ஓவியக்கூடத்துக்கு நான் பத்தொன்பது வருடமாகக் காப்பாளர். அங்கே உருப்படியாக இருப்பதெல்லாம் ஜோசையா ஹோல்ராய்ட் கொடுத்தவை. ஒரு காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் அவருடைய பஞ்சாலையில்தான் வேலை பார்த்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்து ஓவியங்கள் முப்பத்தொன்றைச் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் தன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு அடித்து, ஊருக்கு எழுதிவைத்தார். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாம் மக்கள் பார்வையில் தொங்க வேண்டும். ஒன்று இறங்கினாலும் முப்பத்தொன்றையும் அவர் குடும்பம் திரும்பக் கேட்கலாம்.

அதைப் பார்த்துப்போக ஒரு சடங்கு உண்டு. டிசம்பர் முதல் செவ்வாய், கொடையாளர் நாள். குடும்பத்தார் வருவார்கள், ஒவ்வொரு படத்தின் முன்னும் நிற்பார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். நகர்மன்றம் தேநீரும் சோம்பு கேக்கும் கொடுக்கும். குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியவர் மிஸ் வினிஃப்ரெட் ஹோல்ராய்ட். எண்பத்தோரு வயது. கேக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முப்பத்தொன்றில் 'வெளுப்புத் திடல்' என்று ஒன்று. த்ரேல் என்று யாருக்கும் தெரியாத ஓவியர் வரைந்தது. ஒரு பெண், வெளுத்துப் புல்லில் உலர்த்திய துணியை மடிக்கிறாள். யாரோ கூப்பிட்டதுபோல் பாதி திரும்பியிருக்கிறாள். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கசாப்புக் கடைக்காரர் அதனருகே மூக்கை நீட்டி, "அப்படியே நம்ம டோரீன் சாடை" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை அதை இறக்கி நிலவறைக் காப்பறையில் வைத்தேன். காரணம்: ஈரப்பதம். பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு மாட்டுக் கூட்டத்தின் படத்தை மாட்டினேன். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

கொடையாளர் நாளுக்கு முந்தின திங்கள் மட்டும் அதை மேலே கொண்டுவந்து மாட்டுவோம். புதன் காலை திரும்ப இறக்குவோம். கூடத்துப் பணியாளர் நெல்லி கிளெக் மறுமுனையைப் பிடிப்பார். "பொண்ணு பாக்க வர்றாங்க, சீவிச் சிங்காரிச்சு உக்கார வைங்க" என்று ஒவ்வொரு வருடமும் அதே கேலி. நானும் ஒவ்வொரு வருடமும் சிரித்துவைப்பேன்.

இந்த வருடமும் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஆனால் டிசம்பர் இருபத்துமூன்று, வெள்ளிக்கிழமை மதியம், மிஸ் ஹோல்ராய்ட் மறுபடியும் வந்தார். நெல்லிக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். நெல்லி அரைநாளில் போய்விட்டிருந்ததால் பலகார டப்பாவை நெல்லியின் நாற்காலியில் வைத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். நான் கதவடைக்க வந்தபோது மாடுகளின் முன் நின்றுகொண்டிருந்தார்.

கோபமெல்லாம் இல்லை. எங்கே என்று கேட்டார். சுத்தம் செய்யக் கீழே வைத்திருக்கிறோம் என்றேன். காட்டு என்றார். கைப்பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனேன். காப்பறையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்து, நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு அதற்கு எதிரே சுவரில் என் முதுகு சாய்ந்து தேய்த்த தடத்தைப் பார்த்தார். நான் மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவது.

"எத்தன வருஷமா, டெஸ்மண்ட்?" என்றார்.

சொன்னேன்.

"பாதிரியார் வர்றப்ப மட்டும் நல்ல கப்ப எடுத்து வைப்பாங்களே, அதுமாதிரி எனக்கு மட்டும் மாட்டி வச்சிருக்கியாக்கும்." சிரித்தார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "போகட்டும் விடு கண்ணு. புது வருஷம் பொறக்கறதுக்குள்ள மேல மாட்டிரு. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். மாட்டலேன்னா மட்டும் நகர்மன்றத்துக்கு எழுதுவேன்."

முப்பத்தொரு படங்கள், இன்ஸ்பெக்டர். ஒரு ஊரின் மொத்தச் சொத்து ஒரு மூதாட்டியின் கடிதத்தில் போய்விடும். காப்பாளன் என்று எதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்?

தேநீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே வந்தேன். விளக்கை அணைத்தேன், வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும், அது பழக்கம். கதவைப் பூட்டினேன், அதுவும் பழக்கம் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். இல்லை. சாவியைத் திருப்பும்போது எனக்குத் தெரியும். உள்ளிருந்து திறக்க முடியாத கதவு அது. அடுத்த புதன் வரை கூடம் விடுமுறை. விடுமுறையில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனையும் அணைத்துவிடுவோம்.

நான் வீட்டில் ஒளிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமை போனேன், கிறிஸ்துமஸ் அன்று காலையிலும் போனேன். அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கத்தவில்லை, நல்ல குடும்பத்துப் பெண். "டெஸ்மண்ட், அங்க இருக்கியா, கண்ணு?" என்று கேட்டார். ஏதோ தவறு நடந்துவிட்டது, நான் வந்து திறந்துவிடுவேன் என்றே கடைசிவரை நினைத்திருக்கிறார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. திறந்தால் பேச வேண்டியிருக்கும்.

காப்பறையில் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. சுழலும் காகிதத்தில் ஒரு பேனா முள் வாரம் முழுக்கக் கோடு போடும். வெள்ளி மாலையிலிருந்து கோடு லேசாக மேலேறியது. மனித மூச்சு ஒரு சிறிய அறையை அவ்வளவு மாற்றும். ஞாயிறு மாலை ஐந்து மணிவாக்கில் சரியத் தொடங்கி, பிறகு நேராகப் போயிற்று. உங்கள் மருத்துவரால் இறந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். என்னைக் கேட்டிருக்கலாம். புதன் காலை நான் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தக் காகிதத்தை மாற்றினேன். பழையதைக் கிழிக்கவில்லை. பதிவேடுகளை அழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ஓவியத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

புதன் காலை வேலைக்கு வந்த நெல்லி, தன் நாற்காலியில் மிஸ் ஹோல்ராய்டின் டப்பாவைக் கண்டதும், அவர் எங்கே என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். மாட்டியிருந்தால் போதுமே, அந்த அம்மாள் வாயைத் திறந்திருக்க மாட்டாரே, முப்பத்தொன்றும் ஊரிலேயே இருந்திருக்குமே என்று. இரவெல்லாம் யோசித்தேன். உண்மைதான். இரண்டு கொக்கி, ஒரு ஏணி, பத்து நிமிட வேலை. எனக்கு அன்றைக்கே அது தெரியும்.

ஆனால் மாட்டியிருந்தால் எல்லோரும் அவளைப் பார்த்திருப்பார்கள்.